பாட அழைத்துவிட்டுப் பேசவிடாமல் அனுப்பும் வழக்கம் ஒழியட்டும்

கோலா கங்சார் வட்டாரத்தில் தமிழர் நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்கு ஒரு நிரல் பழகிப்போயிருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றுவார்கள். கடவுள் வாழ்த்துப் பாட ஒரு பெண்ணை அழைப்பார்கள். பாடி முடித்ததும் கைதட்டு கேட்கும். பாடியவர் மேடையை விட்டு இறங்கி விருந்தினருக்குத் தேநீர் ஊற்றும் இடத்துக்குப் போய்விடுவார். பிறகு தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று ஆண்கள் வரிசையாக எழுந்து பேசுவார்கள். ஆலய ஆண்டுக்கூட்டம், பள்ளிப் பரிசளிப்பு, தொழிலாளர் தினம் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே நிரல்தான். மகளிர் தின விழாவிலுங்கூடப் பெண்களுக்குக் கோலப் போட்டியும் பாட்டும் ஒதுக்கிவிட்டு, பெண்ணுரிமை பற்றிய சிறப்புரையை ஓர் ஆண் ஆற்றுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். பெண்ணின் குரல் அழகுக்கு மட்டுமே உரியது, கருத்துக்கு உரியதல்ல என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வழங்கும் உரிமையை எந்த நிர்வாகக் குழுவுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

கேட்டால், இது நம் பண்பாடு என்கிறார்கள். எந்தப் பண்பாடு? ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே தமிழ் மேடையில் பாடிய பெண் அதே மேடையில் பேசினாள். மறியல் செய்து சிறைக்கும் போனாள். அப்படி வாழ்ந்த ஒருவரைத்தான் இன்று நம் நினைவு மலர்களும் விழா மேடைகளும் அரைகுறையாகவும் பிழையாகவும் அறிமுகப்படுத்துகின்றன. வை.மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்கிறோம். அவருடைய வாழ்க்கையை முழுதாகத் தெரிந்துகொண்ட எவரும் நம் விழா நிரலை மரபு என்று சொல்லத் துணியமாட்டார்.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் நாள் பிறந்தவர். ஐந்து வயதில் அவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். கணவர் பார்த்தசாரதிக்கு அப்போது வயது ஒன்பது. சென்னை திருவல்லிக்கேணியில் ஆசாரம் மிகுந்த வைணவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் கேள்வி ஞானம் இருந்தது, நினைவாற்றல் இருந்தது, குரல் இருந்தது, கதை சொல்லும் திறன் இருந்தது. முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை உருவாக்கியபோது தாமே எழுதும் பழக்கம் அவருக்குக் கைவரவில்லை, அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அந்த நாடகம் 1924இல் அச்சேறியது. இந்த முயற்சிகளுக்கெல்லாம் கணவர் துணை நின்றார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1925இல், நடந்துகொண்டிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற மாத இதழைத் தம் பொறுப்பில் ஏற்றார். அவர் கையில் அது ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தது. அவர் எழுதிய நாவல்கள் 115. துப்பறியும் கதையும் எழுதினார். குழந்தை மணம், விதவையர் நிலை, வரதட்சணை, பெண்கல்வி, குடிப்பழக்கம் பற்றியும் எழுதினார். ஐந்து வயதில் மணமுடிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை மணத்தைப் பற்றி எழுதியபோது, தான் வாழ்ந்து பார்த்ததையே எழுதினார். இந்தியாவில் குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல்தான் வந்தது. சட்டமன்றத்தில் கற்றோர் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், சமையலறையில் இருந்த பெண்களிடம் அதே வாதத்தைக் கதையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது கோதைநாயகியின் இதழ்.

1925இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். அதன்பின் காங்கிரஸ் மேடைகளில் அவர் பெயர் பரவியது. அந்த மேடைகளில் அவர் செய்ததைத்தான் நம் நிர்வாகிகள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கர்நாடக இசை பயின்றவர். தேசியப் பாடல்களைக் கணீரென்று பாடக்கூடியவர். பாட்டுக்கு மக்கள் கூடினார்கள். கூடிய மக்களிடம் கதர் பற்றியும் தீண்டாமை பற்றியும் கள்ளைப் பற்றியும் பேசினார். ராஜாஜியும் சத்தியமூர்த்தியும் பேசிய மேடைகளில் அவரும் பேச்சாளர். இறைவணக்கம் முடிந்தது, இனி இறங்குங்கள் என்று அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. அனுப்பியிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார்.

அந்தத் துணிவுக்கு அவர் விலை கொடுத்தார். குடும்பப் பெண் தெருவில் நின்று பேசுவதா என்று திருவல்லிக்கேணியிலேயே ஏசினார்கள். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் அவர் முன்னணியில் நின்றார். 1930களின் தொடக்கத்தில் சிறைத் தண்டனை அனுபவித்தார். சிறைக்குள்ளும் எழுதினார். விடுதலைக்குப் பிறகு, 1948இல், மகாத்மாஜி சேவா சங்கத்தை நிறுவி ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவினார். 1960 பிப்ரவரியில் மறைந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1966இல், அவருடைய நாவலைத் தழுவி ‘சித்தி’ என்ற படம் வந்தது. பத்மினி நடித்த அந்தப் படத்தை நம் வீடுகளில் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்காத தாய்மார் குறைவு. கதை யாருடையது என்று அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்தது? ஏடு நடத்துவோருக்கும் மேடை நடத்துவோருக்கும் இருந்தது. அந்தப் பொறுப்பை அவர்கள் நிறைவேற்றவில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. கோதைநாயகியை மூன்று துண்டாக்கி மூன்று அலமாரிகளில் வைத்துவிட்டார்கள். இசை வரலாறு பேசுவோர் அவரை நாவலாசிரியை என்று ஒதுக்குகிறார்கள். இலக்கியம் பேசுவோர் அவர் நாவல்களைப் பெண்களுக்கான பொழுதுபோக்கு என்று கடந்து போகிறார்கள். விடுதலைப் போராட்டம் பேசுவோர் கதர் உடுத்திய பெண்கள் பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே உடலில், ஒரே மேடையில், ஒரே மாலைப்பொழுதில் இயங்கியவை. பாட்டு கூட்டத்தைச் சேர்த்தது, பேச்சு அதைத் தெருவில் இறக்கியது, எழுத்து அதை வீட்டுக்குள் நிலைக்கச் செய்தது. ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்ற இரண்டின் வலிமையும் புரியாது. இசையரசி கே.பி. சுந்தராம்பாளுக்கும் இதே கதிதான். தேர்தல் மேடைகளில் காங்கிரசுக்காகப் பாடிப் பிரசாரம் செய்து, பின்னர் சென்னை சட்ட மேலவைக்கும் போனவர் அவர். நம் பக்தி நிகழ்ச்சிகளில் ஔவையாராகவும் முருகன் பாடலாகவும் மட்டுமே வருகிறார்.

புகழ்வதாக நினைத்துப் பிழை எழுதுவோரையும் இங்கே விட்டுவிட முடியாது. தமிழில் பத்திரிகை நடத்திய முதல் பெண் கோதைநாயகி என்று மலருக்கு மலர் அச்சிடுகிறார்கள். அது உண்மையல்ல. ‘ஜகன்மோகினி’யை அவர் ஏற்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே கோ. ஸ்வப்னேஸ்வரி அம்மாள் ‘தமிழ் மாது’ இதழையும், பண்டிதை விசாலாட்சி அம்மாள் ‘ஹிதகாரிணி’யையும் நடத்தியிருக்கிறார்கள். கோதைநாயகியே ‘ஜகன்மோகினி’யைத் தொடங்கினார் என்பதும் தவறு, அவர் அதை ஏற்று வளர்த்தார். ஒருவருக்கு மகுடம் சூட்டுவதற்காக இரண்டு பெண்களை வரலாற்றிலிருந்து அழிப்பது எந்த வகையில் மரியாதை? முதல் பெண், ஒரே பெண் என்ற பட்டங்களுக்கு ஆசைப்படும் எழுத்து, பெண்கள் கூட்டமாக வந்த வரலாற்றை மறைத்துவிடுகிறது. அரும்பெரும் ஒருத்தி என்று வணங்கிவிட்டால் மற்றப் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? இந்தச் சோம்பலைத் திருத்தியே ஆக வேண்டும்.

சென்னையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கோலா கங்சாரில் ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்போர் இருப்பார்கள். அவர்கள் நம் தோட்டங்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கோதைநாயகி சென்னையில் கள்ளுக்கடை முன் நின்ற அதே ஆண்டுகளில், இங்கே ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடந்தன. சம்பளத் தேதியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்து சேர வேண்டிய காசு வழியிலேயே கரைந்தது. கரைந்த காசில் மனைவி உழைத்ததும் இருந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு அந்நாளில் கூலி சமமாக இல்லை. 1920களின் இறுதியில் அன்றைய மலாயா அரசு முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. கள்ளுக்கும் குறைந்த கூலிக்கும் நடுவே குடும்பத்தைத் தாங்கியவள் அவள். அவளுக்கும் குரல் இருந்தது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் கங்காணியின் கொடுமையைச் சொன்னாள், கணவனின் குடியைச் சொன்னாள், கப்பலேறி வந்த துயரத்தைச் சொன்னாள். அவள் பாட்டு அவளுக்கு மேடைப் பேச்சாகவும் இருந்தது.

எதிர்த்து நின்ற வரலாறும் நமக்கு உண்டு. 1947இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியபோது, தோட்ட மக்கள் காவல்துறையின் அடக்குமுறையை நேரில் சந்தித்தார்கள். அதற்கு முன்பே, 1943இல், நேதாஜி அமைத்த ராணி ஜான்சி படையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் படையில் பணியாற்றிய ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைய முன்னின்று, சம ஊதியம் கேட்டுப் போராடினார். வீட்டைத் தாண்டாதே என்று வளர்க்கப்பட்ட தலைமுறையின் பெண்கள் இவர்கள். இவர்களின் பேத்திகளை, படித்துப் பட்டம் பெற்ற பிறகும், பாடிவிட்டு இறங்கு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரிலேயே ஒரு சான்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டு, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ காலத்தில் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று கோலா கங்சாரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த மரத்தின் வழிவந்த இலட்சக்கணக்கான மரங்களைச் சீவிய பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது நம் அமைப்புகள் எங்காவது பொறித்து வைத்திருக்கின்றனவா? மரத்துக்குப் பலகை வைத்தது அரசு. மனிதர்களுக்கு வைக்க வேண்டியது நாம். அந்தக் கடமையை அரசின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

நிர்வாகத்தில் இருப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம். பெண்கள் பேச முன்வருவதில்லை என்பது முதல் சமாதானம். முன்வந்தவர்களை என்ன செய்தீர்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்ட பெண்ணைப் பார்த்து, அம்மா, நீங்கள் உட்காருங்கள், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்று சொன்ன மேடைகள் உண்டு. அப்படி ஒருமுறை உட்கார வைக்கப்பட்டவர் மறுமுறை எழுந்து நிற்பார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

மகளிர் பிரிவு இருக்கிறதே என்பது இரண்டாவது சமாதானம். இருக்கிறது. அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கவும், கோலமிடவும், தைப்பூசக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் இருக்கிறது. வரவு செலவைத் தீர்மானிக்கும் மேசையில் அந்தப் பிரிவுக்கு நாற்காலி உண்டா? கல்வி நிதி யாருக்குப் போக வேண்டும், மண்டபத்தை எதற்கு வாடகைக்கு விடலாம், குடித்துவிட்டு வந்து திருவிழாவில் கலகம் செய்வோரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அந்தப் பிரிவைக் கேட்கிறார்களா? கேட்காத வரை அது பிரிவு அல்ல, சம்பளமில்லாத பணியாளர் பட்டியல்.

கலையில் அரசியலைக் கலக்கக் கூடாது என்பது மூன்றாவது. குடியால் சிதையும் குடும்பத்தைப் பற்றி ஒரு பாடகி பேசினால் அது அரசியலா? பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி ஓர் இசை ஆசிரியை பேசினால் அது அரசியலா? மலிவு விலைச் சம்சு மது நம் தோட்டங்களிலும் அவற்றிலிருந்து வெளியேற்றப்பட்டோர் குடியிருப்புகளிலும் செய்த நாசத்தைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லிப் போராடியது. அந்தப் போராட்டத்துக்கு நம் ஆலய மேடைகளிலிருந்து எத்தனை குரல்கள் சேர்ந்தன? அந்தத் துன்பத்தை முதலில் அனுபவித்தவர்கள் பெண்கள். அவர்களையே பேசவிட்டிருந்தால் அந்தக் குரல் இன்னும் முன்னதாக, இன்னும் உரக்கக் கேட்டிருக்கும். அவர்கள் வாயை மூடிவைத்ததால் விளைந்த கேட்டுக்கு மேடையை வைத்திருந்தோர் பொறுப்பேற்க வேண்டும்.

இசை கற்பிப்போருக்கும் ஒரு சொல். ஈப்போவிலும் கோலா கங்சாரிலும் இன்று பிள்ளைகள் வாய்ப்பாட்டு, வீணை, வயலின் கற்கிறார்கள். பெற்றோர் கஷ்டப்பட்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். சரளி வரிசையும் கீர்த்தனையும் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில், அந்த இசையை மக்களிடம் கொண்டுபோன பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை எதிர்த்தார்கள் என்றும் சொல்லிக் கொடுங்கள். பாட்டு தேர்வுச் சான்றிதழுக்கு மட்டும் என்று வளரும் சிறுமி, தன் குரலால் வேறு எதையும் செய்ய முடியும் என்று ஒருபோதும் அறியமாட்டாள். அறியாமலே அவளை வளர்த்துவிட்டு, பெண்கள் முன்வருவதில்லை என்று பின்னால் குறைசொல்வது அநீதி.

ஆகவே நம் வட்டாரத்து ஆலய நிர்வாகங்கள், பொது இயக்கங்கள், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மலர் வெளியிடுவோர் ஆகிய அனைவரிடமும் இந்தத் திருத்தங்களைக் கோருகிறோம்.

முதலாவது, எந்த நிகழ்ச்சியிலும் பேச்சாளர் வரிசை ஆண்களால் மட்டும் நிரம்பியிருக்கக் கூடாது. பாட அழைக்கப்படும் பெண்ணுக்கு, அவர் விரும்பினால், பேசவும் நேரம் ஒதுக்குங்கள். மகளிர் தின மேடையில் சிறப்புரை பெண்ணுடையதாகவே இருக்கட்டும். நேரமில்லை என்றால் வாழ்த்துரைகளைக் குறையுங்கள். அவற்றில் பாதி, முன்னவர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, மகளிர் பிரிவுத் தலைவியருக்கு நிதிக்குழுவிலும் நிர்வாகக் குழுவிலும் வாக்குரிமையுள்ள இடம் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கூட்டத்திலேயே இதற்கான தீர்மானம் வர வேண்டும். ஆலோசனைக்கு மட்டும் அழைக்கிறோம் என்ற ஏமாற்று வேண்டாம்.

மூன்றாவது, மலர்களிலும் பள்ளி இதழ்களிலும் கோதைநாயகி பற்றி இதுவரை வந்த பிழைகளைத் திருத்தி வெளியிடுங்கள். அவர் பாடகி, எழுத்தாளர், இதழாசிரியர், மறியல் செய்து சிறை சென்றவர் என்ற முழு உண்மையையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். அவருக்கு முன் இதழ் நடத்திய பெண்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். திருத்தம் வெளியிடுவது அவமானம் என்று நினைப்போர் ஏடு நடத்தத் தகுதியற்றவர்கள்.

நான்காவது, நம் வட்டாரத்தில் தோட்டங்களில் உழைத்து இன்று முதுமையில் இருக்கும் பெண்களின் பாட்டையும் நினைவையும் பதிவு செய்யுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புத் திட்டங்களாகியும் போய்விட்டன, லயங்கள் இடிந்துவிட்டன. அந்தத் தாய்மார்களின் நினைவில்தான் அந்த உலகம் மிச்சமிருக்கிறது. இதற்குப் பெரும் செலவில்லை. ஒவ்வொரு இளைஞரின் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதி போதும். சொல்பவர் ஒப்புதலோடு, அவர் பெயரோடு, அவர் சொன்னபடியே பதிவு செய்து தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

இவற்றில் எதுவும் நடக்க முடியாதது அல்ல. மலேசியச் சட்டம் தடுக்கவில்லை, பணம் தடுக்கவில்லை, சமயம் தடுக்கவில்லை. ஆண்டாளின் பாடலை மார்கழி முழுதும் ஓதும் சமயம் பெண்ணின் சொல்லைத் தடுக்கிறது என்று யாரும் சாதிக்க முடியாது. தடுப்பது நிர்வாக நாற்காலிகளில் பழகிப்போன வசதி ஒன்றுதான்.

வரும் மாதங்களில் இவ்வட்டாரத்தில் நடக்கும் ஒவ்வொரு பொது நிகழ்ச்சியின் நிரலையும் கவனிப்போம். யார் பாடினார், யார் பேசினார், முடிவெடுத்த மேசையில் யார் இருந்தார் என்று கேட்டு எழுதுவோம். திருத்திக்கொண்டவர்களை மனமாரப் பாராட்டுவோம். திருத்த மறுப்பவர்களுக்கு வாசகர்கள், குறிப்பாகப் பெண்கள், நேரடியாகப் பதில் சொல்லலாம்: பேச இடமில்லாத மேடையில் பாடவும் வரமாட்டோம் என்று. அப்படிச் சொல்லும் பெண்ணின் பக்கம் நாங்கள் நிற்போம்.